எஸ்போசிதோ யாருக்கு வேண்டும்?

மிலானோ
3 செப்டம்பர் 1961

அன்புள்ள அக்கா எர்சீலியாவுக்கு,

தம்பி ராய்மோந்தோ எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தொலைபேசி நிலையத்தில் இன்னும் மூன்று மாடி ஏறித்தான் வேலைக்குப் போகிறாயா? என் மனைவி அதேலே உன்னை விசாரித்தாள்.

நல்ல செய்தி ஒன்று. நம் ஓர்னெல்லாவுக்கு இடம் அமைந்திருக்கிறது. பையன் பெயர் பியேரோ கொலம்போ. அப்பாவுக்கு நாற்காலி செய்யும் தொழிற்சாலை. மிலானோவில் கொலம்போ என்ற பெயரைக் கேட்டால் யாரும் "எந்த ஊர்?" என்று கேட்க மாட்டார்கள். நம்மைத்தான் கேட்கிறார்கள். இருபது வருடமாக இந்த ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் உழைத்து, பிரிவுத் தலைவன் வரை வந்துவிட்டேன். இன்னமும் என் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வருகிறது.

போன ஞாயிறு அவர்கள் வீட்டில் விருந்து. பாதிச் சாப்பாட்டில் பையனின் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எஸ்போசிதோன்னா தெற்குப் பக்கத்துப் பேருதானே? அதுக்கு ஏதோ அர்த்தம் இருக்குன்னு சொல்வாங்களே, என்னங்க அது?"

தெரிந்துகொண்டே கேட்டாள், அக்கா. "ஸ்பானியப் பேருங்க, ரொம்பப் பழசு" என்று சமாளித்தேன். "அப்படியா? நான் வேற மாதிரியில்ல கேள்விப்பட்டேன்" என்றாள். என் மகள் தலை குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு ஒரு முடிவு கட்டப்போகிறேன். இங்கே தொத்தோரே பட்டம் பெற்ற பிராக்கோ என்று ஒருவர் இருக்கிறார். குடும்பப் பெயர்களின் மூலத்தை ஆராய்ந்து முத்திரையோடு எழுதித் தருகிறார். அவருக்கு அப்பாவின் பிறப்புப் பத்திரம் வேண்டுமாம். எடுத்து அனுப்பு. உன் தோழிகளிடம் வாயைத் திறக்காதே.

அன்புடன்,
ராய்மோந்தோ

நாப்போலி
11 செப்டம்பர் 1961

அன்புள்ள தம்பி ராய்மோந்தோவுக்கு,

நான் நலம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நானும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. ஓர்னெல்லாவின் செய்தி கேட்டு மனம் நிறைந்தது. பையன் நல்லவனா? பெயரையும் நாற்காலியையும் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், பையனைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பாவின் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் உன் பிராக்கோவுக்கு ஆராய்ச்சி எதற்கு? என்னைக் கேட்டால் நான் சொல்லப்போகிறேன். விசாரணை மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க நான் செய்கிற வேலையே இதுதான்.

"எஸ்போசிதோ வீட்டு நம்பர் குடும்மா."

"எந்த எஸ்போசிதோ?"

"மீன் கடை வச்சிருக்காரே."

"எந்த மீன் கடை எஸ்போசிதோங்க?"

"என்னம்மா நீ, ஊருக்குப் புதுசா? மூக்கு வளைஞ்சவரு!"

டைரக்டரியில் பக்கம் பக்கமாக அந்தப் பெயர்தான். பாதிரி எஸ்போசிதோ, திருடன் எஸ்போசிதோ, அந்தத் திருடனைப் பிடித்த போலீஸ்காரனும் எஸ்போசிதோ. நீ சொன்ன ஸ்பானியன் ஒருவனே இத்தனை பேரையும் பெற்றுப் போட்டிருந்தால், வேறு வேலைக்கு அவனுக்கு நேரம் எங்கே கிடைத்தது?

பெயரின் அர்த்தம் "வெளியே வைக்கப்பட்டது". அந்தக் காலத்தில் அனுன்சியாத்தா மடத்துச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. வளர்க்க வழியில்லாதவள் பிள்ளையை அதில் வைத்துச் சுழற்றுவாள். மணி அடிக்கும். உள்ளே இருக்கும் சகோதரி எடுத்துக்கொள்வாள். ஏட்டில் எஸ்போசிதோ என்று எழுதுவார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்டபோது, "வாழ்நாள் முழுக்க நெற்றியில் ஒட்டிக்கொள்கிற பெயரை வைக்காதீர்கள்" என்று நிறுத்தினான். அதற்கு முன்னால் வந்த யாரோ ஒரு குழந்தைதான் அப்பாவின் முப்பாட்டன். இதில் ஆராய என்ன இருக்கிறது?

அப்பா டிராம் ஓட்டினார். யார் பெயர் கேட்டாலும் "ஆந்தோனியோ எஸ்போசிதோ" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். நீ சாப்பாட்டு மேசையில் முணுமுணுத்திருக்கிறாய்.

அதேலேவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

உன் அக்கா,
எர்சீலியா

மிலானோ
2 அக்டோபர் 1961

அன்புள்ள அக்கா,

நலம், நலமே விழைகிறேன். உன் கடிதத்தை அதேலே கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன்.

பிராக்கோவின் தாள் வந்துவிட்டது. கெட்டியான காகிதம், பொன் எழுத்து, மேலே கோட்டையும் வாளும். நம் மூதாதை ஒரு ஸ்பானியத் தளபதி. முற்றுகையில் கோட்டைக்கு வெளியே முதல் ஆளாக நின்றதால் அந்தப் பட்டப்பெயர் வந்ததாம். அவருக்கு ரொக்காவேரா என்ற ஊரை மானியமாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் அமைச்சகத்துக்கு மனுப் போட்டுவிட்டேன். இனி நான் ராய்மோந்தோ ரொக்காவேரா.

சட்டப்படி ஒரு சடங்கு பாக்கி. மனுவின் சுருக்கத்தை நான் பிறந்த ஊர் நகராட்சிச் சுவரில் முப்பது நாள் ஒட்டி வைப்பார்கள். இதில் சம்பந்தப்பட்டவர் யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் எல்லாம் இழுத்துக்கொண்டு போகும். கல்யாணம் மே மாதம். பையனின் அம்மா சிஞ்ஞோரா கொலம்போ தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அழைப்பிதழ்ல அந்தப் பேரு வரக்கூடாது. வந்தா நாங்க வரமாட்டோம்." ஆகவே அந்த முப்பது நாளும் நீ உன் மேசையை விட்டு நகராதே.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மடத்துப் பெட்டிக் கதையை இனி எனக்கு எழுதாதே. எவளோ எவனிடமோ பெற்று, இருட்டில் கொண்டுபோய் எறிந்த குப்பை அது. அந்த மாதிரிப் பிறவிகளின் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? நம் வீட்டில் அப்படி ஒரு பிறவி இருந்ததாகச் சொல்ல உனக்கு நாக்கு எப்படி வருகிறது? நீயும் நானும் யாருக்குப் பிறந்தோம் என்று ஊருக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராய்மோந்தோ

நாப்போலி
9 நவம்பர் 1961

தம்பி ராய்மோந்தோவுக்கு,

பதில் தாமதம். காய்ச்சல். இப்போது நலம். நீங்கள் நலமா?

ரத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

வேறொரு விஷயம். எங்கள் நிலையத்தில் எல்லா ஊர் டைரக்டரியும் இருக்கிறது. படுத்திருந்து எழுந்த பிறகு வேலைக்குப் போனபோது மிலானோ புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். உன் சம்பந்தி வீட்டு எண்ணைப் பார்க்கலாம் என்றுதான். கொலம்போ, கொலம்போ, கொலம்போ. பக்கம் திருப்புகிறேன், கொலம்போ. மறுபடி திருப்புகிறேன், அதே கொலம்போ. எனக்குப் பழக்கமான காட்சி. இங்கே நாங்கள் எப்படியோ, அங்கே அவர்கள் அப்படி. ஒரு பெயர் ஊரில் இத்தனை வீட்டில் இருந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரு வாசல்தான் காரணம் என்று இந்த மேசை எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

மிலானோ நிலையத்தில் என்னோடு தினம் பேசுகிற ஒருத்தியைக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா? எங்க ஊர் பெரியாஸ்பத்திரியோட சின்னம் புறா. கொலம்போன்னா புறாதானே? அங்க விட்டுட்டுப் போன பிள்ளைங்களுக்கு எல்லாம் அந்தக் காலத்துல அந்தப் பேருதான் வச்சாங்க. என் வீட்டுக்காரரும் கொலம்போதான்!"

ஆக, சிஞ்ஞோரா கொலம்போ உன்னிடம் அர்த்தம் கேட்டாளாமே, நீ திருப்பிக் கேட்டிருக்கலாம். நம் பெட்டிக் குழந்தை அவர்கள் பெட்டிக் குழந்தையைக் கட்டிக்கொள்கிறது. இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் எந்தத் தரகனும் கொண்டுவர முடியாது. இதற்குக் கோட்டை எதற்கு, வாள் எதற்கு? அந்தப் பிராக்கோ உன் காதில் நன்றாகப் பூச் சுற்றியிருக்கிறான், நீயும் வாசனையாக இருக்கிறது என்று தலையை ஆட்டியிருக்கிறாய்.

உன் சுருக்கம் எப்போது சுவரில் ஏறுகிறது என்று எழுது. நான் ஆட்சேபிக்கப்போகிறேன். ஆந்தோனியோ எஸ்போசிதோவின் பெயரை அவர் வீட்டிலிருந்து துடைத்து எடுக்க ஒரு கோமாளியை விடமாட்டேன்.

உன் அக்கா,
எர்சீலியா

மிலானோ
15 நவம்பர் 1961

மதிப்பிற்குரிய எர்சீலியாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருப்பது உங்கள் கடிதத்தின் வேகத்திலேயே தெரிகிறது.

கொலம்போ குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியது அபாண்டம். அவர்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் தாளை நானே படித்தேன். அவர்கள் மூதாதை தலைக்கவசத்தில் புறா பொறித்த ஒரு வீரர். தாளில் பிராக்கோவின் கையெழுத்து இருக்கிறது. ஆராயாமல் அவர் எதையும் எழுதுபவர் அல்ல.

உங்கள் எரிச்சலின் காரணம் எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால் கடிகாரக் கடை ஜெரார்தோ உங்களைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். திருமண அறிவிப்பு நகராட்சிச் சுவரில் ஏறிய பிறகு, காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று நிறுத்தினீர்கள். அம்மா தெருவில் தலைகாட்ட முடியாமல் போனாள். உங்கள் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டது போதாதா? என் மகளின் கல்யாணத்தையும் கெடுக்க வேண்டுமா? நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டுக் காலம் தள்ளும் கன்னிப் பெண்ணுக்கு ஒரு தகப்பனின் கவலை எப்படிப் புரியும்?

டிசம்பர் முதல் தேதி ஒட்டுகிறார்கள். உங்கள் மனசாட்சிப்படி செய்துகொள்ளுங்கள்.

ராய்மோந்தோ

மிலானோ
20 நவம்பர் 1961

என் அன்பு அத்தைக்கு,

ஓர்னெல்லா எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள்? நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை நான் படித்துவிட்டதும் தெரியாது.

கொலம்போ விஷயம் உண்மைதான், அத்தை. பியேரோ நாங்கள் பழகிய முதல் மாதமே சொல்லிவிட்டான். அவனுடைய கொள்ளுத் தாத்தா ஆஸ்பத்திரியில் விடப்பட்டவர். "எங்கம்மாவுக்கு அது நல்லாத் தெரியும். அதனாலதான் உங்க பேரைக் கேட்டாலே அவங்களுக்குப் பத்திக்கிட்டு வருது" என்றான். தன் வீட்டுக் குப்பையை மூடிவைத்திருப்பவளுக்குப் பக்கத்து வீட்டுக் குப்பையின் நாற்றம் முதலில் தெரியும் போலிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்பாவும் போன சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல ரொக்காவேரா கோட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் விட மாட்டேன் என்கிறார்.

எனக்கு எந்தப் பெயரானாலும் ஒன்றுதான். எப்படியும் மே மாதம் கொலம்போ ஆகிவிடுவேன். ஆனால் நீங்கள் ஆட்சேபித்தால் பியேரோவின் அம்மா இதையே சாக்காக வைத்துக் கல்யாணத்தை நிறுத்திவிடுவாள். அவள் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். கெஞ்சிக் கேட்கிறேன், அத்தை. அப்பாவுக்காக வேண்டாம், எனக்காக.

முத்தங்களுடன்,
ஓர்னெல்லா

நாப்போலி
19 டிசம்பர் 1961

தம்பி ராய்மோந்தோவுக்கு,

நலம். பண்டிகைக்கு எல்லோரும் சேர்ந்திருப்பீர்கள். ஓர்னெல்லாவின் கடிதம் வந்ததாக அவளிடம் மட்டும் சொல். உனக்குத் தெரியாமல் எழுதிவிட்டாள் என்று குதிக்காதே, பெண் உன்னைவிடப் புத்திசாலி.

உன் சுவரைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் உன் தாள். ஒரு பக்கம் வாடகைக் கட்டடத்தை இடிக்கும் உத்தரவு, மறுபக்கம் காணாமல்போன கழுதை. கூட்டமாக நின்று உன்னைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"எஸ்போசிதோவா இருந்தவன் ரொக்காவேரா ஆகணுமாம்!"

"ஆகட்டுமே, நம்மகிட்ட ஒருத்தன் குறைஞ்சா கடல்ல ஒரு வாளி குறைஞ்ச மாதிரி."

"அங்க போயி நாப்போலிக்காரன் இல்லேன்னு காட்டிக்க கையை ரெண்டையும் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் பேசுவான் பாரு!"

நானும் சிரித்தேன். நீ என் தம்பி என்று அவர்களிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு உள்ளே போனேன். பெல்லூச்சி என்று ஒரு குமாஸ்தா. மரியாதையான ஆள், நாற்காலி போட்டார். ஆட்சேபம் எழுத வேண்டும் என்றேன். பெரிய ஏட்டைத் திறந்து என் பெயரை எழுதிக்கொண்டார். மனுதாரருக்கு நான் என்ன உறவு என்றார். அக்கா என்றேன். "அப்ப உங்க பிறப்புப் பத்திரத்தை நாங்களே எடுத்துப் பாத்துக்கறோம்மா, ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனார். திரும்பி வந்தார்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் ஆட்சேபம் நிற்கவில்லை. நீ நிம்மதியாக இரு. ஓர்னெல்லாவின் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்.

எர்சீலியா

மிலானோ
8 ஜனவரி 1962

என் அருமை அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. எல்லோரும் நலம். கடைசியில் உனக்கு நல்ல புத்தி வந்ததே! சுவரிலிருந்து தாள் இறங்கிவிட்டது, ஆட்சேபம் எதுவும் நிலுவையில் இல்லை. குமாஸ்தா ஏதோ எடுத்துச் சொல்லித்தான் உனக்குப் புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் சொன்னால் மட்டும் உனக்கு ஏறாது. போகட்டும், நவம்பரில் கோபத்தில் எழுதியதை மறந்துவிடு.

கல்யாணம் மே பன்னிரண்டு. நீ வந்தே ஆக வேண்டும். மணப்பெண்ணின் ஒரே அத்தை வராவிட்டால் கேள்வி வரும். ஒரே ஒரு வேண்டுகோள். உன்னையும் சிஞ்ஞோரினா ரொக்காவேரா என்றே அறிமுகப்படுத்துவேன். மறுத்துப் பேசாதே. நாப்போலிப் பேச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள். கையை ஆட்டிப் பேசாதே. சாம்பல் நிற உடை இருக்கிறதே, அது போதும், பூப்போட்டது வேண்டாம். அதேலே உனக்கு ஒரு தொப்பி வாங்கி வைப்பதாகச் சொல்கிறாள்.

பதில் எழுது.

உன் தம்பி,
ராய்மோந்தோ

மிலானோ
18 மார்ச் 1962

எர்சீலியாவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே குளிர் குறைந்திருக்கும். இருமல் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார். இந்த வயதில் உடம்பை அலட்சியம் செய்யக் கூடாது.

கல்யாணத்தைச் சிறிய அளவில் நடத்துவதாக முடிவு செய்திருக்கிறோம். வீட்டு மனிதர்கள் மட்டும். இவ்வளவு தூரம் ரயிலில் வருவது உனக்குச் சிரமம். உன்னை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. படங்கள் அனுப்புகிறேன்.

இனிமேல் கடிதம் எழுதினால் அலுவலக முகவரிக்கு எழுது. அம்மாவின் மணக்கோலப் படம் உன்னிடம் இருக்கிறதல்லவா? அதை அனுப்பிவைத்தால் நல்லது. பேத்தியிடம் இருப்பதே முறை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரா. ரொக்காவேரா

நாப்போலி
6 மே 1962

திரு. ராய்மோந்தோ ரொக்காவேரா அவர்களுக்கு,

நான் நலம். முழங்காலும் நலம். இருமல் இல்லை. ஒரே கடிதத்தில் இத்தனை முறை நீ என்னை நலம் விசாரித்ததில்லை. அதனால்தான் சந்தேகம் வந்து மறுபடியும் பெல்லூச்சியிடம் போனேன். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை. உன் மனுக் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

டிசம்பரில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அன்று அவர் உள்ளேயிருந்து என் பத்திரத்தோடு திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதுல அப்பா பேரும் இல்ல, அம்மா பேரும் இல்ல. சட்டப்படி பாத்தா நீங்க இவருக்கு யாருமே இல்லையே. ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை வராது. ஆனா அக்காங்கறீங்க, உங்களை அப்படியே அனுப்பவும் மனசு வரல. அவரையே கேட்டு எழுதறேன். அவர் ஆமான்னு ஒரு வரி போட்டா உங்க ஆட்சேபத்தை எடுத்துக்கலாம்."

அவர் எழுதியிருக்கிறார். நீயும் பிப்ரவரியில் பதில் போட்டிருக்கிறாய். உன் அழகான கையெழுத்தில் படித்தேன்: "குறிப்பிட்ட பெண்மணி எனக்கு உறவு அல்ல. என் பெற்றோர் இரக்கப்பட்டு வீட்டில் வைத்திருந்தவர்."

நீ ஆமாம் என்று எழுதியிருந்தாலும் நான் அந்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றிருப்பேன், முட்டாளே. ஓர்னெல்லா கேட்ட பிறகும் நான் அங்கே போனது உன்னைத் தடுக்க அல்ல. வாயால் ஒருமுறை ஆட்சேபித்துவிட்டு வர வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபரில் நீ குப்பை என்று எழுதிய கடிதத்தை வேலை மேசையில் வைத்துப் படித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. உனக்குத் தெரியாமல்தான் எழுதினாய் என்று என்னைச் சமாதானம் செய்துகொள்ள அத்தனை நாள் ஆயிற்று. பிப்ரவரியில் எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய்.

முழுதாகத் தெரிந்துகொள். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லாமல், அம்மா வேண்டிக்கொண்டு அனுன்சியாத்தாவிலிருந்து ஒன்பது மாதக் குழந்தையை எடுத்து வந்தாள். சுழலும் பெட்டியை மூடி அதற்குள் வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனாலும் வாசலில் பிள்ளைகளை விட்டுப் போவது நிற்கவில்லை. ஏப்ரலில் வந்தவள் என்பதால் ஏட்டில் எனக்கு அப்ரீலே என்று குடும்பப் பெயர் வைத்திருந்தார்கள். நீ பிறந்தபோது எனக்கு ஆறு வயது, பள்ளியில் சேர்க்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருந்தால் ஊர் கேள்வி கேட்கும் என்று அப்பா ராஜாவுக்கு மனுப் போட்டார். நீ போட்ட அதே மனு. அதே சுவர், அதே முப்பது நாள். தினமும் டிராமை நிறுத்திவிட்டு நேரே அங்கே போய், யாராவது ஆட்சேபித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு வருவார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. உலகத்தில் எஸ்போசிதோ ஆக வேண்டும் என்று மனுப் போட்டு அந்தப் பெயரை வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜெரார்தோவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ அப்போது கசேர்த்தாவில் படித்துக்கொண்டிருந்தாய், அறிவிப்பைப் பார்க்கவில்லை. மணமக்களின் பெற்றோர் பெயரையும் அதில் எழுதுவார்கள். என் பெயருக்குக் கீழே "அறியப்படாதவர்" என்று இருந்தது. அவன் அம்மா படித்துவிட்டு வந்து நம் வாசலில் நின்று கத்தினாள். அம்மா தெருவில் தலைகாட்டாமல் இருந்தது நீ நினைக்கிற காரணத்துக்காக அல்ல, என்னைத் தனியாக விடக் கூடாது என்றுதான். உன்னிடம் சொல்லலாமா என்று நான் கேட்டபோது அப்பா சொன்னார்: "வேணாம்மா. அவனுக்கு அக்கா இருந்தாப் போதும், இந்தக் கதையெல்லாம் எதுக்கு?" நானும் வாயை மூடிக்கொண்டேன். அதனால் உன் பேச்சையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன்.

படம் வராது. கல்யாணத்துக்கு நானும் வரவில்லை. அந்தத் தொப்பியை அதேலேயே போட்டுக்கொள்ளட்டும். ஓர்னெல்லாவுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கிறேன், எதையும் சொல்லாமல், ஆசீர்வாதம் மட்டும்.

உன் மீது எனக்குக் கோபம் இருந்தது. நேற்றோடு அது போய்விட்டது. இப்போது இருப்பது இளக்காரம்தான், அதை மறைக்க மாட்டேன். பொன் எழுத்தைக் காசு கொடுத்து வாங்கி, தனக்கும் தெரிந்த பொய்யைச் சுவரில் மாட்டிக்கொண்டு, அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனை வேறு எப்படிப் பார்ப்பது? குமாஸ்தாவுக்கு ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு வரி உனக்கு வரவில்லை.

ஆந்தோனியோ எஸ்போசிதோவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று பெற்றது, ஒன்று மனுப் போட்டு வாங்கியது. பெற்றது மனுப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆந்தோனியோவின் மகள்,
எர்சீலியா எஸ்போசிதோ